மனச்சோர்வு நோய்க்கு ஏற்ற மருந்து

ஜுரத்துக்குக் கொடுத்த முதல் மருந்து கேட்கவில்லையென்றால் நோயாளி வைத்தியரிடம் திரும்பிச் செல்கிறான். வைத்தியரும் வேறு மருந்து எழுதிக் கொடுக்கிறார். இதில் அதிசயப்படுவோர் எவருமில்லை. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும், ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கியும் சரிப்படுத்திக் கொள்வது இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். ஆனால் மனச்சோர்வு என்னும் நோயின் விஷயத்தில் மட்டும் நம்மவர் வேறு நியாயம் பேசுகின்றனர். பத்து நாள் மாத்திரை சாப்பிட்டுக் குணம் காணாவிடில், “இந்த மருந்தெல்லாம் வெறும் ஏமாற்று” என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். “எனக்கு இனி விமோசனமே இல்லை” என்று வேறு சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். இரண்டு முடிவுகளும் பிழை. இரண்டாவது முடிவோ உயிருக்கே ஆபத்து.

இந்நோயின் பரப்பு சாமானியமானதன்று. 2015-16-ம் வருஷங்களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 12 மாகாணங்களில் நடத்திய தேசீய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய இருபதுக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோயால் பீடிக்கப்பட்டவர். மனச்சோர்வு உள்ளிட்ட சாதாரண மனோவியாதிகளை உடையவர்களில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது. சிகிச்சைக்கு வராதவர்களைப் பற்றி மேடைகளில் ஓரளவு பேசப்படுகிறது. ஆனால் வந்தவர்களின் கதி என்ன? வெட்கத்தையும் அச்சத்தையும் வென்று, வைத்தியரிடம் சென்று, முதற் சீட்டை வாங்கி வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த முதற் சீட்டோடு நின்று விடுகின்றனர். அவர்களைப் பற்றியே இன்று நாம் எழுதுகிறோம்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களும் இந்நோய்க்கு விலக்கல்லர். ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்துவந்த ஒருவர் திடீரென்று கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டால், “அவர் கட்சி மாறப் போகிறார்” என்று பேசுகிறோம். “உற்சாகம் குன்றிவிட்டது, சோம்பல் பிடித்துவிட்டது” என்று ஏசுகிறோம். அவர் நோயுற்றிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறோமில்லை. தொண்டனுடைய கால் முறிந்தால் கட்டுப் போட ஓடுகிறவர்கள், அவனுடைய மனம் முறிந்தால் புத்திமதி சொல்ல ஓடுகின்றனர்.

துக்கமும் நோயும்

துக்கம் வேறு, நோய் வேறு. தந்தையை இழந்தவன் அழுவதும், தேர்தலில் தோற்றவன் சில நாள் முகம் வாடியிருப்பதும் நோயல்ல. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாள் முழுவதும் மனம் இருண்டு, முன்பு இன்பம் தந்த காரியங்களிலெல்லாம் நாட்டமற்று, தூக்கமும் பசியும் கெட்டு, சிந்தை ஓடாமல், தன்னையே பழித்துக் கொண்டு, வாழ்வே வேண்டாமென்ற எண்ணமும் தலையெடுக்குமாயின் அது நோய். நமது நாட்டில் இது பெரும்பாலும் உடலின் மொழியிலேயே பேசுகிறது. தலைவலி, உடம்பு எரிச்சல், அசதி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுக் கோளாறு என்றே நோயாளி முறையிடுகிறான், டானிக்கும் ஊசியும் பெற்றுத் திரும்புகிறான், வருஷங்கள் கழிகின்றன.

தைராய்டு சுரப்பியின் மந்தமும், இரத்த சோகையும், பி12 வைட்டமின் குறைவும் இதே வேஷம் போடக் கூடும். ஆதலால் மருந்தைத் தேடுமுன் நோயைத் தேட வேண்டும். நோய் இலேசானதாக இருந்தால் மாத்திரையை முதலிலேயே எடுக்க வேண்டுமென்பதுமில்லை. முறையான பேச்சுச் சிகிச்சையும், ஒழுங்கான உறக்கமும், உடற்பயிற்சியும், கைவிட்ட காரியங்களைச் சிறிது சிறிதாக மீண்டும் மேற்கொள்வதுமே போதுமானதாகலாம். நோய் நடுத்தரத்தையும் கடந்து முற்றியபோது மருந்து பெரிதும் தேவைப்படுகிறது.

மருந்துகள் வந்த வழி

இம்மருந்துகள் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டன என்பதை அறிந்தால், இவை ஏன் ஒருவருக்குக் கேட்டு மற்றொருவருக்குக் கேளாமற் போகின்றன என்பதும் ஒருவாறு விளங்கும். 1952-ம் வருஷத்தில் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில், க்ஷயரோகிகளுக்கு இப்ரோனியாஸிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடமாடவும் உற்சாகமாகப் பேசவும் தொடங்கினர். நுரையீரலுக்குத் தேடிய மருந்து மனத்தைத் தொட்டது. 1956-ம் வருஷத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து முன்ஸ்டர்லிங்கன் ஆஸ்பத்திரியில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர், வேறொரு மனோவியாதிக்கென்று கெய்கி கம்பெனியார் அனுப்பியிருந்த இமிப்பிரமின் என்ற பொருளை மனச்சோர்வு கொண்டவர்களுக்குக் கொடுத்தார், அவர்கள் குணமடைந்தனர். 1957-ல் அவர் இதை வெளியிட்டார். அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் தக்க சம்மதமின்றிப் பல மருந்துகள் பரீட்சிக்கப்பட்டன என்பது பிற்காலத்தில் நடந்த விசாரணையால் வெளிப்பட்டதையும் இங்கே மறைக்க வேண்டுவதில்லை.

இந்தச் சரித்திரத்தில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. சர்ப்பகந்தா என்னும் மூலிகை நெடுங்காலமாக நம் வைத்தியர்களின் கையிலிருந்தது. 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத ஸேன், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவரும் சித்தப்பிரமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை எழுதி வெளியிட்டனர். அதே வருஷத்தில் டெல்லி திப்பியா கல்லூரியின் ஆராய்ச்சிசாலையில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திக்கி அம்மூலிகையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். 1921-ம் வருஷத்து ஆமதாபாத் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவரும், அக்கல்லூரியை வளர்த்தவருமான ஹக்கீம் அஜ்மல் கானின் ஞாபகார்த்தமாகச் சூட்டிய பெயர் அது. 1949-ல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இருதய சஞ்சிகையில் எழுதிய கட்டுரை சர்ப்பகந்தாவை உலகறியச் செய்தது. 1952-ல் அதிலிருந்து ரிஸர்ப்பின் என்ற சத்து பிரிக்கப்பட்டது.

பின்பு நிகழ்ந்ததுதான் நமது விஷயத்துக்கு முக்கியம். இரத்த அழுத்தத்துக்கு ரிஸர்ப்பின் உண்டவர்களில் சிலர் மனச்சோர்வு அடைந்ததாக வைத்தியர்கள் எழுதினர். மூளையில் ஸெரட்டோனின் முதலிய பொருள்களை அம்மருந்து குறைக்கிறது என்பதும் தெரிய வந்தது. இப்ரோனியாஸிடும் இமிப்பிரமினுமோ அவற்றைப் பெருகச் செய்வன. ஆகவே, அப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு என்று ஒரு சித்தாந்தம் எழுந்தது. மருந்துகளைத் தேடுவதற்கு அந்தச் சித்தாந்தம் மிகவும் உதவிற்று; ஆனால் நோயை விளக்குவதற்கு அது போதவில்லை. 2022-ல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு ஆராய்ச்சி, ஸெரட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு நிலையான சான்றில்லை என்று கூறியது. மருந்தே பயனற்றதென்று இதற்குப் பொருளாகாது. ஒரு மருந்து பயன்படுகிறதா என்பதும், எவ்வாறு பயன்படுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஆயினும் இதனால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. இன்ன நோயாளிக்கு இன்ன மருந்து என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய இரத்தப் பரீட்சை எதுவும் இன்றளவும் நம் கையில் இல்லை. கொடுத்துப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

கொடுத்துப் பார்த்தவர்களின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க சர்க்காரின் மனநல ஸ்தாபனத்தார் பொருளுதவி செய்த ஸ்டார்-டி என்ற பரிசோதனையில் 4,041 நோயாளிகள் சேர்ந்தனர். அதன் முடிவுகள் 2006-ல் வெளியாயின. எல்லோருக்கும் முதலில் ஸிடலோபிராம் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே பூரண குணம் கண்டனர். குணமடையாதவர்களுக்கு வேறு மருந்தோ, கூடுதலாக மற்றொரு மருந்தோ, பேச்சுச் சிகிச்சையோ அளிக்கப்பட்டது. இரண்டாவது படியிலும் ஏறக்குறைய பத்துக்கு மூவர் குணமடைந்தனர். மூன்றாவது, நான்காவது படிகளில் குணமடைந்தோர் தொகை ஏழில் ஒருவருக்குக் குறைந்தது. நான்கு படிகளையும் கடந்தால் நூற்றுக்கு 67 பேர் குணமடைவர் என்று அப்போது மதிப்பிட்டனர். அந்த மதிப்பீடு மிகையானது என்றும், ஆரம்பத்தில் வகுத்த விதிகளின்படி கணக்கிட்டால் ஏறக்குறைய நூற்றுக்கு 35 பேர்தாம் தேறுவர் என்றும் 2023-ல் சிலர் மறு கணக்கிட்டு வெளியிட்டனர். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், முதல் மருந்திலேயே பூரண குணம் காணாதவர்களே பெரும்பான்மையோர் என்பது நிச்சயம். எனவே முதல் மருந்து கேளாதவன் அபூர்வப் பிராணியல்லன். அவன் பெரும்பான்மையைச் சேர்ந்தவன்.

மருந்துகளுள் எது சிறந்தது என்று கேட்போருக்கும் பதில் இருக்கிறது. 2018-ல் லான்ஸெட் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி, 21 மருந்துகளைப் பற்றிய 522 பரிசோதனைகளையும், அவற்றில் பங்கு கொண்ட 1,16,477 பேரையும் ஒன்றாகக் கூட்டி ஆராய்ந்தது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று தெரிந்தது; ஆனால் அவற்றுக்குள்ளே ஒன்றுக்கொன்று உள்ள தாரதம்மியம் பெரிதன்று. “இதுவே சர்வ சஞ்சீவி” என்று எந்தக் கம்பெனியின் ஏஜெண்டு வந்து சொன்னாலும் வைத்தியர்கள் நம்ப வேண்டியதில்லை.

கம்பெனிகளின் பிரசாரத்தை ஐயுறுவதற்கு வலுவான காரணமும் உண்டு. அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவில் பதிவான 12 மருந்துகளின் 74 பரிசோதனைகளை 2008-ல் சிலர் ஆராய்ந்தனர். பத்திரிகைகளில் வெளியானவற்றை மட்டும் படிப்பவனுக்கு, நூற்றுக்கு 94 பரிசோதனைகள் மருந்துக்குச் சாதகமாகவே முடிந்ததாகத் தோன்றும். இலாகாவின் கணக்கிலோ சாதகமானவை நூற்றுக்கு 51 தான். பாதகமானவற்றில் பல வெளியிடப்படவேயில்லை. சில சாதகமானவை போலத் திரித்து வெளியிடப்பட்டன. மருந்து பொய்யன்று, ஆனால் அதன் புகழ் அதன் குணத்தைவிட அதிகமாக விற்கப்பட்டது. உண்மையை உள்ளவாறு சொன்னால் ஜனங்கள் மருந்தை வெறுத்துவிடுவார்கள் என்ற பயம் வீண். மிகையாகச் சொல்லி ஏமாற்றினால்தான் வெறுப்பார்கள்.

ஆளுக்கு ஏற்ற மருந்து

மருந்துகளின் பலம் ஏறக்குறைய ஒன்றேயாயின் வைத்தியர் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? பெரும்பாலும் அவற்றின் பக்க விளைவுகளைக் கொண்டும், நோயாளியின் மற்ற நிலைமைகளைக் கொண்டுமே. தூக்கமும் பசியும் அற்று மெலிந்தவருக்கு, தூக்கத்தையும் பசியையும் உண்டாக்கும் மிர்ட்டஸப்பின் அனுகூலமாகலாம். உடல் பருத்தவருக்கு அதுவே பிரதிகூலமாகும். நீரிழிவினால் கால் நரம்புகளில் வலியுள்ளவருக்கு டியூலக்ஸிடின் இரண்டு நோய்க்கும் உதவலாம். இமிப்பிரமின், அமிட்ரிப்டிலின் முதலிய பழைய மருந்துகள் நல்ல பலன் தருவன. ஆனால் இருதய நோயாளிகளுக்கு ஏற்றவையல்ல, அளவு மீறினால் பேராபத்து விளைப்பவை. இருதய நோயுள்ளவர்களுக்கு ஸெர்ட்ரலின் பெரிதும் விரும்பப்படுகிறது. வலிப்பு நோயுள்ளவர்களுக்குப் புப்ரோப்பியன் ஆகாது. முதியவர்களுக்குச் சில மருந்துகளால் இரத்தத்தில் உப்புச் சத்து குறையலாம். மூட்டுவலி மாத்திரைகளோடு சேரும்போது சில மருந்துகள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். ஆதலால் நாட்டு மருந்தானாலும் சரி, இங்கிலீஷ் மருந்தானாலும் சரி, தாம் உட்கொள்ளும் யாவற்றையும் வைத்தியரிடம் ஒளியாமல் சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் வேறொருவருக்கு இதே நோய் வந்து, ஒரு மருந்து கேட்டிருந்தால், அதையும் சொல்வது பயனுள்ளது. மற்றொன்றும் மிக முக்கியம். முன்பு எப்போதாவது அளவு கடந்த உற்சாகம், தூக்கமின்றியும் களைப்பில்லாமை, ஓயாத பேச்சு, கண்மண் தெரியாத செலவு ஆகியவை சில நாள் நீடித்ததுண்டா என்று வைத்தியர் கேட்க வேண்டும். அவர் கேளாவிடினும் வீட்டார் சொல்ல வேண்டும். அத்தகையோருக்கு இருப்பது இருதுருவ நோயாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் வெறி கிளம்பிவிடக் கூடும்.

ஆண்கள் வாய் திறந்து சொல்லாத ஒரு பக்க விளைவும் உண்டு. இம்மருந்துகளில் பல தாம்பத்திய இச்சையையும் சக்தியையும் குறைப்பவை. இதனால் மனம் நொந்து, எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோர் அநேகர். வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ, அத்தொல்லை குறைந்த வேறு மருந்துக்கு மாற்றவோ வழியுண்டு. சொல்லாமல் நிறுத்துவதில் கௌரவம் ஒன்றுமில்லை.

நாக்கில் ஊறும் நீரைப் பரிசோதித்து ஏற்ற மருந்தைச் சொல்லிவிடுவதாகச் சில கம்பெனிகள் இப்போது விளம்பரம் செய்கின்றன. மருந்துகளை ஈரல் எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது என்பது பிறவிக் கூறுகளால் மாறுபடுவது உண்மை. சிலருக்குச் சாதாரண அளவே மிகையாவதும், வேறு சிலருக்கு அதுவே போதாமற் போவதும் இதனாலேயே. அளவை நிர்ணயிக்க அப்பரிசோதனை ஓரளவு உதவும். ஆனால் எந்த மருந்து குணப்படுத்தும் என்பதை அது சொல்லிவிடாது. இத்தகைய விளம்பரங்களை நம்பி மருந்தை மாற்ற வேண்டாமென்று அமெரிக்க மருந்து இலாகா 2018-லேயே எச்சரித்தது. ஏழை நோயாளி அதற்குச் செலவிடும் பணத்தில் பல மாத மருந்தை வாங்கிவிடலாம்.

பொறுமையும் அளவும் காலமும்

இம்மருந்துகளின் இயல்பு விசித்திரமானது. தொல்லை முதலில் வரும். நன்மை பின்னால் வரும். குமட்டல், தலைவலி, பரபரப்பு முதலியன முதல் வாரத்திலேயே தோன்றிப் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் அடங்கிவிடுகின்றன. மனம் தெளியத் தொடங்குவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். முழுப் பலனை அறிய ஆறு முதல் எட்டு வாரமும் ஆகலாம். பத்தாம் நாள் நிறுத்துகிறவன் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டு நன்மையை விட்டுவிடுகிறான். நான்கு வாரம் போதிய அளவில் உண்டும் சிறிதும் மாற்றமில்லையென்றால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, மற்றொன்றைச் சேர்ப்பதா என்று வைத்தியர் யோசிக்க வேண்டும். மிகக் குறைந்த அளவிலேயே மாதக்கணக்காக வைத்துவிட்டு, “மருந்து கேட்கவில்லை” என்பதும் நியாயமன்று.

இளைஞர்கள் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை தேவை. சிறுவர்களுக்கும் வாலிபர்களுக்கும் ஆரம்ப நாட்களில் உயிரை வெறுக்கும் எண்ணம் சிலருக்கு அதிகரிக்கலாம் என்று அமெரிக்க இலாகா 2004-ல் எச்சரிக்கை பதித்தது. 2007-ல் அதை 24 வயது வரை விரித்தது. ஆகவே முதல் சில வாரங்களில் அவர்களைத் தனியே விடாமல் கவனிப்பதும், வைத்தியரிடம் அடிக்கடி காட்டுவதும் அவசியம்.

மருந்தை மாற்றுவதிலும் நிறுத்துவதிலும் முறையுண்டு. ஒரு மருந்துக்கும் மற்றொன்றுக்குமிடையே சில சமயம் இரண்டு வாரமும், சில சமயம் ஐந்து வாரமும் இடைவெளி விட வேண்டியிருக்கும். குணமடைந்த பின்பும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். இல்லையேல் நோய் திரும்பிவிடக் கூடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்ச்சி ஆகியவை தோன்றலாம். சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். நெடுநாள் உண்டவர்களுக்கு இது மாதக்கணக்கும் ஆகலாம். மது, அபினி போல இம்மருந்துகள் மேலும் மேலும் வேண்டுமென்ற வேட்கையை எழுப்புவதில்லை. ஆயினும் விடும்போது தொல்லை தருமென்ற உண்மையை வைத்தியர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இங்கே மற்றொரு குழப்பத்தையும் தெளிவிக்க விரும்புகிறோம். அல்பிரஸோலம், குளோனஸெப்பாம் முதலியவை மனச்சோர்வு மருந்துகளல்ல. அமைதியூட்டித் தூங்கச் செய்பவை. உண்ட அன்றே சுகம் தருவதால் நோயாளிகள் இவற்றையே நாடுகின்றனர். ஆனால் இவையே பழக்கமாகிப் பிடித்துக்கொள்பவை. நமது தேசத்து மருந்துக்கடைகளில் எஸ்ஸிடலோபிராமையும் குளோனஸெப்பாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து ஏராளமாக விற்கின்றனர். இரண்டு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாத மருந்தும், பல மாதம் உண்ண வேண்டிய மருந்தும் ஒரே மாத்திரையில் பிணைந்திருந்தால், ஒன்றை விட்டு மற்றொன்றைத் தொடர்வது எங்ஙனம்? ஏற்ற மருந்தையும் ஏற்ற அளவையும் தேடும் வேலையையே இந்தக் கூட்டு மாத்திரை அடைத்துவிடுகிறது.

மலிவான மருந்து, அரிதான வைத்தியர்

மருந்தின் விலையில் நமது தேசம் ஒரு வெற்றி பெற்றிருக்கிறது. 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம், மருந்துப் பொருளுக்கல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தனியுரிமை அளித்தது. ஆகவே வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமை கிடைத்தது. அமெரிக்காவில் 1987-ல் அனுமதி பெற்ற புளூவாக்ஸிடின் அங்கே 2001 வரை ஒரே கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. இங்கோ அதற்கு நெடுநாள் முன்பே நம்மவர் செய்து குறைந்த விலைக்கு விற்றனர். 2005-ல் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தினால் அச்சட்டம் மாறிற்று. ஆயினும் இன்று பெரும்பாலும் வழங்கும் மனச்சோர்வு மருந்துகள் தனியுரிமைக் காலம் கழிந்தவையே. புளூவாக்ஸிடின், எஸ்ஸிடலோபிராம், அமிட்ரிப்டிலின் ஆகியவை நமது தேசீய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளன.

ஆனால் மலிவு வேறு, கிடைப்பது வேறு. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது ஷரத்து, மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேற்பட்ட எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், எக்காலத்திலும், இலவசமாய்க் கிடைக்க வேண்டுமென்றும் அது விதிக்கிறது. “எக்காலத்திலும்” என்ற சொல்லை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்த மாதம் ஒரு மருந்து, அடுத்த மாதம் கையிருப்பில்லாததால் வேறு மருந்து, அதற்கடுத்த மாதம் ஒன்றுமில்லை என்றிருந்தால் அது சட்டத்துக்கும் விரோதம், வைத்தியத்துக்கும் விரோதம். கேட்ட மருந்தும் இடையிலே நின்றால் கேளாத மருந்தாகிவிடும்.

அடுத்த குறை வைத்தியர்கள். நமது தேசத்தில் லட்சம் பேருக்கு ஒரு மனோவைத்தியர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில் வசிப்பவர்கள். மருந்தைக் கொடுத்துப் பார்த்து, இரண்டு வாரத்தில் மீண்டும் பார்த்து, அளவை மாற்றி, பின்னும் பார்க்க வேண்டிய ஒரு நோய்க்கு இது எப்படிப் போதும்? இதற்கு வழியில்லாமலில்லை. கோவாவில் 2003-ல் வெளியான பரிசோதனை, 450 பேருக்குப் பொது ஆஸ்பத்திரிகளிலேயே சிகிச்சை செய்து, இரண்டு மாத முடிவில் புளூவாக்ஸிடின் வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தருவதைக் காட்டிற்று. அதே கோவாவில் 2010-ல் வெளியான மற்றொரு பரிசோதனையில், சாதாரண ஊழியர்களைப் பயிற்றுவித்து, நோயாளிகளோடு பேசவும் மருந்தைத் தொடரச் செய்யவும் வைத்தியருக்குத் துணை நிற்கவும் அமர்த்தினர். சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் குணமடைந்தோர் தொகை உயர்ந்தது. 2017-ல் வெளியான மூன்றாவது பரிசோதனை, இத்தகைய ஊழியர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்து அளிக்கும் எளிய பேச்சுச் சிகிச்சையே கடுமையான மனச்சோர்வுக்கும் உதவுவதை நிரூபித்தது. இவற்றை நடத்திய விக்ரம் படேலும் அவர் கூட்டத்தாரும் காட்டிய வழி நமது மண்ணிலேயே பரீட்சிக்கப்பட்டது, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதன்று.

செய்ய வேண்டுவது

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு சமுதாய சுகாதார நிலையத்திலும் பட்டியலிலுள்ள மனச்சோர்வு மருந்துகள் இடைவிடாமல் இருக்க வேண்டும். கையிருப்புக் கணக்கை எவரும் பார்க்கும்படி எழுதி மாட்ட வேண்டும். மருந்து தொடங்கிய ஒவ்வொருவரையும் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பார்க்கவும், வராதவர்களைத் தேடிச் செல்லவும் பயிற்சி பெற்ற ஊழியர் வேண்டும். தூக்க மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரைகளைச் சர்க்கார் ஆராய்ந்து கட்டுப்படுத்த வேண்டும். உடல் நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் அளிக்க வேண்டுமென்று அதே சட்டத்தின் 21-வது ஷரத்து சொல்வதைக் கம்பெனிகள் அனுசரிக்கின்றனவா என்று மேற்பார்க்க வேண்டும். இவை புதிய சட்டம் கேட்கும் கோரிக்கைகளல்ல. உள்ள சட்டத்தை நிறைவேற்றக் கேட்பவை. ஸ்தல ஸ்தாபனங்களிலும் சட்டசபைகளிலும் நமது பிரதிநிதிகள் எழுப்ப வேண்டிய கேள்விகள் இவை. தொண்டர்கள் தத்தம் ஊர் நிலையத்துக்கு ஒரு நாள் சென்று, “மருந்து இருக்கிறதா?” என்று கேட்டாலே பாதி வேலை முடியும்.

நோயுற்ற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். உண்ட மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, கிடைத்த நன்மை, நேர்ந்த தொல்லை ஆகியவற்றை எழுதி வாருங்கள். இரண்டாவது மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வைத்தியருக்கு அதைவிட உதவியான ஆதாரம் வேறில்லை. முதல் மருந்து கேளாமற் போனதென்றால், ஒரு வழி அடைபட்டதென்று மட்டுமே பொருள். வழியே இல்லையென்று பொருளன்று. மருந்துகளால் பயன் பெறாத கடுமையான நோய்க்கும் மின்சார சிகிச்சை முதலிய வேறு முறைகள் இருக்கின்றன. உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே வைத்தியரை நாடுங்கள்; வீட்டாரிடம் சொல்லுங்கள். 2022-ல் சர்க்கார் தொடங்கிய டெலி-மானஸ் நிலையத்தை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வீட்டாரும் நண்பர்களும் “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று உபதேசிப்பதை நிறுத்தி, “மாத்திரை சாப்பிட்டாயா? அடுத்த முறை வைத்தியரிடம் நானும் வரட்டுமா?” என்று கேட்பார்களாயின், அது பெரிய தேச சேவை. நோயாளியிடம் பொறுமையைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அவன் பொறுத்திருக்கும் அந்த ஆறு வாரமும் மருந்தும் துணையும் தவறாமல் கிடைக்கச் செய்யும் கடமை சர்க்காருக்கும் நமக்கும் உண்டு.